கண்மாய்க் கரையில் நிற்கும் பெண்களுக்கு

திருவாடானை, தொண்டி, ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரத்தில் கண்மாய்க் கரையிலும் ஊரணிப் படிக்கட்டிலும் பாதிப் பொழுதைக் கழிக்கும் அக்கா, தங்கச்சி, மதினி, சின்னம்மா, அப்பத்தா எல்லோருக்கும் இந்த மடல்.

இந்த மடலைக் கலெக்டருக்கு எழுதியிருக்கலாம். தீயணைப்பு நிலையத்துக்கும் எழுதியிருக்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது, கடைசியில் வருகிறேன். ஆனால் பகல் பதினோரு மணிக்கு ஒரு பையன் கண்மாய்க்குள் சறுக்கி விழும்போது கலெக்டர் அங்கே இருக்கப்போவதில்லை. திருவாடானையிலிருந்து தீயணைப்பு வண்டி கிளம்பி, கப்பி பெயர்ந்த ரோட்டில் குலுங்கி, கரையேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் கரையில் இருப்பது நீங்கள்தான். ஒருத்தி துணி துவைக்கிறாள், ஒருத்தி ஆடு பார்க்கிறாள், பத்துப் பேர் நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு நிற்கிறார்கள், இரண்டு பேர் குடத்தோடு வருகிறார்கள். ஆம்பிளைகளில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் சவுதியிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். மிச்சப் பேர் கடலில். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெரம்பலூர் மாவட்டத்தில் கொட்டரை என்று ஓர் ஊர். அங்கே மருதையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி, கொரோனா ஊரடங்குக் காலம். மழை பெய்து தண்ணீர் நன்றாகத் தேங்கிக் கிடந்தது. செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், ஆனந்தவள்ளி என்று மூன்று பெண்கள் அங்கே துணி துவைக்கப் போயிருந்தார்கள். வேலை முடிந்து கிளம்பும் நேரம். கிரிக்கெட் விளையாட வந்த வெளியூர்ப் பையன்கள் கூட்டமாகக் குளிக்க வந்தார்கள். ஆழம் அதிகம், இறங்காதீர்கள் என்று இந்தப் பெண்கள் சொல்லித்தான் பார்த்தார்கள். இளவட்டம் எந்தக் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டது? கொஞ்ச நேரத்தில் நாலு பேர் ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

மூன்று பேரும் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீருக்குள் வீசினார்கள். இரண்டு பையன்கள் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இரண்டு பேரும் அதற்குள் மூழ்கிப்போனார்கள். அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 15 சுதந்திர தினத்தில், தமிழக அரசின் துணிவுக்கும் வீரத்துக்குமான கல்பனா சாவ்லா விருது இந்த மூவருக்கும் கொடுக்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி கொடுத்தார். விண்வெளிக்குப் போய்த் திரும்பும் வழியில் 2003இல் இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரில் உள்ள விருது, துணி துவைக்கப் போன மூன்று பெண்களுக்குக் கிடைத்தது. சரியான இடத்துக்குத்தான் போனது என்பேன்.

பத்திரிகைகள் ‘சேலையை வீசிக் காப்பாற்றிய வீரப் பெண்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயின. அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மாராப்பு ஒரு விரற்கடை விலகினாலும் கை தானாக மேலே போய் இழுத்துச் செருகும் வாழ்க்கை நம்முடையது. ஊரணியில் பெண்கள் படித்துறை தனி. அந்தப் பக்கம் ஆம்பிளைத் தலை தெரிந்தால் கழுத்தளவு தண்ணீருக்குள் உட்கார்ந்துவிடுவோம். அப்படி வளர்ந்த மூன்று பேர், முன்பின் தெரியாத இளவட்டங்களின் கண்முன்னால் சேலையை அவிழ்க்கிறார்கள். பையன் செத்துக்கொண்டிருக்கிறான், சேலையைப் பிடித்துக்கொண்டா நிற்பது என்று அந்தக் கைகள் முடிவெடுத்திருக்கின்றன. தண்ணீருக்குப் பயப்படாமல் இருப்பது ஒரு தைரியம். ஊர் வாய்க்குப் பயப்படாமல் இருப்பது அதைவிடப் பெரிய தைரியம். முதல் தைரியத்துக்கு மட்டும்தான் நம் ஊரில் கை தட்டுவார்கள்.

உங்களில் யாராவது இப்படி ஒரு காரியம் செய்து, பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தன் நக்கலாகப் பேசினால், அவனைப் பதில் பேச விடாதபடி கேளுங்கள். உன் மகன் தண்ணீரில் கிடந்தால் நான் சேலையோடு நிற்கவா, அவிழ்த்து வீசவா என்று கேளுங்கள்.

எல்லா நேரத்திலும் அவிழ்க்க வேண்டியதும் இல்லை. இப்போது கண்மாய்க்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாகத்தான் வருகிறீர்கள். துண்டு எட்டாது. ஆனால் துவைக்கிற இடத்தில் பக்கத்திலேயே அன்னக்கூடை நிறைய ஈரத்துணி இருக்கும். சேலை இருக்கும், மாமனார் வேட்டி இருக்கும், போர்வை இருக்கும். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். இரண்டை முடிச்சுப் போட்டால் முப்பது அடிக்கு மேல் வரும். கண்மாய் ஓரத்தில், ஊரணிப் படிக்கட்டுப் பக்கத்தில் நடக்கிற சாவுகள் பலவும் இந்த முப்பது அடிக்குள் நடப்பவைதான். தூரத்தால் சாகிறவர்கள் குறைவு. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் சாகிறவர்கள்தான் அதிகம்.

வெறும் துணியை வீசினால் காற்றில் விரிந்து பக்கத்திலேயே விழும். முறுக்கி வீச வேண்டும். நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டிலை அதில் கட்டினால் எட்டிப்போய் விழும், மிதந்தும் நிற்கும். மூழ்குகிறவரின் முகத்துக்கு நேரே வீசாமல் தலையைத் தாண்டி வீசி, தோளில் பட இழுத்துக் கொடுங்கள். நீங்கள் நின்றுகொண்டு இழுத்தால் அவர் உங்களை உள்ளே இழுத்துவிடுவார். உட்காருங்கள், இல்லை குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒருத்தி உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். கரையில் கருவேல மரம் இருந்தால் சேலையின் மறுமுனையை அதில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பிலோ மணிக்கட்டிலோ மட்டும் கட்டிக்கொள்ள வேண்டாம். விட வேண்டிய நேரத்தில் விட முடிய வேண்டும்.

சேலையைவிட நல்ல பொருள் ஒன்றும் உங்கள் கையில் இருக்கிறது. பிளாஸ்டிக் குடம். இராமநாதபுரம் சீமையில் குடம் தூக்காத பெண் உண்டா? தள்ளுவண்டியில் ஆறு குடம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற நமக்கு, அது உயிர் காக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. படகில் போகிறவர்கள் போடும் மிதவைச் சட்டை ஒரு பெரிய ஆளின் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க ஏழு கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு இருந்தால் போதும். காலிக் குடம் பத்து லிட்டருக்கு மேல் பிடிக்கும், அதனால் பத்துக் கிலோவுக்கு மேல் தாங்கும். குடத்தின் கழுத்தில் கயிற்றையோ சேலை நுனியையோ கட்டி வீசுங்கள். வாயைக் கீழே கவிழ்த்து நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லிக் கத்துங்கள். சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய காலத்து ஆட்கள் இதைக் கேட்டால், இது என்ன புதுசா என்பார்கள். மூடி உள்ள எண்ணெய்க் கேன், தண்ணீர்க் கேன், கார் டயர் டியூப், வாழைத்தண்டு, எது கிடைத்தாலும் சரி.

குதிப்பதைப் பற்றி இவ்வளவு நேரமாக நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். கோடை விடுமுறை வந்தால் பேப்பரில் எத்தனை செய்தி வருகிறது பாருங்கள். மகளைக் காப்பாற்றப் போன தாயும் பலி, தங்கையைத் தூக்கப் போன அக்காவும் பலி. மூழ்குகிறவர் எதிரி இல்லை என்றாலும் அந்த நேரத்தில் அவர் கைக்குக் கிடைத்ததன் மேல் ஏறத்தான் பார்ப்பார். கிட்டே போன உங்கள் தலைதான் அவருக்குப் படிக்கட்டு. நல்ல நீச்சல்காரனே இதில் மாட்டிச் செத்திருக்கிறான். ஆஸ்திரேலியாவில் பிராங்க்ளின், பியர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காப்பாற்றப் போனவரே இறந்துபோகிற சாவுகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த தலைப்பே அன்புக்காக மூழ்குவது என்பதுதான். பெற்ற வயிறு கணக்குப் பார்க்காது, எனக்கும் தெரியும். அதனால்தான் கணக்கை இப்போதே, கரையில் நிதானமாக உட்கார்ந்திருக்கும்போதே, பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதலில் கம்பு, தொரட்டி, மண்வெட்டிக் காம்பு நீட்டு. எட்டாவிட்டால் சேலை, கயிறு, குடம் வீசு. பரிசல், தெர்மாகோல் தெப்பம் ஏதாவது இருந்தால் அதில் போ. வேறு வழியே இல்லை என்றால், நீச்சல் தெரிந்தவர் மட்டும், கையில் குடத்தோடு.

கொட்டரைப் பெண்களின் காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிதானம்தான். சேலையை வீசியே இரண்டு பேரைக் கரையேற்றினார்கள். மூன்று பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். காப்பாற்றியவரும் உயிரோடு இருக்க வேண்டும், அப்போதுதான் அது காப்பாற்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சினிமாவில் மூழ்குகிறவள் ‘காப்பாத்துங்க, காப்பாத்துங்க’ என்று கையைத் தூக்கிக் கத்துவாள். அதைப் பார்த்துப் பார்த்து நாமும் கத்தினால்தான் ஆபத்து என்று நம்புகிறோம். நியூயார்க் நகரத்தின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக வேலை பார்த்த பிராங்க் பியா என்பவர், உண்மையாகவே மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். அவர் கண்டது வேறு. மூச்சு விடவே வாய் போதாதபோது கத்துவதற்கு வாய் கிடையாது. கையை ஆட்டவும் முடியாது, இரண்டு கையும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். உடம்பு நட்ட குச்சியாக நேராக நிற்கும். கால் உதைக்காது. வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் மேலே வரும். இதெல்லாம் இருபது வினாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை நின்று விளையாடுகிற மாதிரி இருக்கும். அதனால் குளிக்கிற பிள்ளைகள் சத்தம் போட்டால் கவலைப்படாதீர்கள். சத்தம் திடீரென்று நின்றால் நிமிர்ந்து பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரவில்லையென்றால் சேலையைக் கையில் எடுங்கள்.

நம் கண்மாய்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் இருக்கிற சீமை இது. ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி இல்லாமல், ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி வைத்து ஒரு போகம் பார்க்கிறோம். எட்டு மாதம் காய்ந்து கிடக்கிற கண்மாயில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். அதே இடம் தீபாவளி கழித்து நிறைகிறபோது, தரை தெரிந்த இடம்தானே என்று துணிந்து இறங்குகிறார்கள். அவர்கள் விளையாடிய தரை இப்போது அங்கே இருப்பதில்லை. நடுவில் யாரோ வந்து சவுடு மண் அள்ளியிருப்பார்கள், வண்டல் எடுத்திருப்பார்கள். இரண்டடித் தண்ணீரில் நடந்துபோகிற பிள்ளை அடுத்த எட்டில் பதினைந்தடிப் பள்ளத்துக்குள் போகிறது. பள்ளத்தின் ஓரம் களிமண், ஏற ஏறச் சறுக்கும். அடியில் சீமைக்கருவேல முள்ளும் வேரும். இது விதி இல்லை. பொக்லைன் ஓட்டி ஒருவர் தோண்டியது, அளவு பார்க்க வேண்டிய இன்னொருவர் பார்க்காமல் விட்டது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு யார் மேலும் பொறுமை இல்லை.

எந்தக் கண்மாயில் எந்த இடத்தில் பள்ளம் என்று ஆட்டுக்காரப் பெண்ணுக்குத் தெரியும். நூறு நாள் வேலையில் மண் வெட்டியவளுக்குத் தெரியும். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து தாத்தா வீட்டுக்கு வந்த பேரனுக்குத் தெரியாது. அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்ல, தண்ணீர் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் நாலு கம்பை நட்டு ஒரு பழைய சிவப்புச் சேலையைக் கட்டி வைத்தால் போதும். அதற்கு டெண்டர் வேண்டியதில்லை.

கடல் பக்கம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம். தொண்டியிலும் நம்புதாளையிலும் நம் கடல் குளம் போலக் கிடக்கும், வெகுதூரம் இடுப்பளவுதான். அந்த நம்பிக்கையில்தான் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குத் தீர்த்தாண்டதானத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் வரும் உள்நாட்டுச் சனம் குழந்தை குட்டியோடு இறங்குகிறது. சேறு காலைப் பிடிக்கும் இடமும், படகு போய்வர ஆழப்படுத்திய இடமும் அவர்களுக்குத் தெரியாது. இவர்களே அடுத்த நாள் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போய், அங்கே ஓடும் நீரோட்டத்தையும் நம்ம தொண்டிக் கடல் மாதிரி நினைத்துக்கொள்வார்கள். கடலோரத்தில் கூடை வைத்து வியாபாரம் பார்க்கிற உங்கள் கண் அவர்கள் மேல் இருக்கட்டும். கடலில் ஆபத்து என்றால் 1093 கடலோரப் பாதுகாப்புக் குழும எண், 1554 கடலோரக் காவல்படை எண். நிலத்தில் 112, 108. கூப்பிட ஒருத்தி, வீச ஒருத்தி என்று பிரிந்துகொள்ளுங்கள். எல்லோரும் சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டால் போன் பேச ஆள் இருக்காது.

பெண்ணுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கிறவர்களைப் பாம்பனுக்கும் மாயாகுளம் பாரதிநகருக்கும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிற பெண்கள் தலைமுறை தலைமுறையாக முங்கித்தான் பிழைக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாய்த் துணிச்சுற்று. மூச்சைப் பிடித்து உள்ளே போய்ப் பாசியோடு மேலே வருவார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லெட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. நம் மாவட்டம்தான், நம் கடல்தான். நம் வீட்டுப் பெண்பிள்ளை மட்டும் ஊரணிக் கடைசிப் படிக்குக் கீழே கால் வைத்தால் திட்டு வாங்குகிறாள். வயசுக்கு வந்த பிறகு தண்ணீர்ப் பக்கமே கிடையாது. அண்ணன்காரன் பம்புசெட்டில் குதித்துப் பழகிவிடுகிறான். மூழ்குகிற தம்பியைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கப்போகிறவள் யார்? அவள்தானே? அவளுக்குத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

வங்கதேசத்தைப் பாருங்கள். ஊரெல்லாம் குளமும் வாய்க்காலும்தான். அம்மாக்கள் வேலையில் இருக்கிற காலை நேரத்தில்தான் சின்னப் பிள்ளைகள் குளத்தில் விழுகின்றன என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணை வைத்தார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் குளத்திலேயே மூங்கில் தளம் கட்டி நீச்சல் பழக்கினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. அந்த நாடும் அயர்லாந்தும் முன்னின்று கேட்டதால்தான் 2021இல் ஐ.நா. சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாள் என்று அறிவித்தது. அந்த 2021ஆம் ஆண்டில் உலகம் முழுக்க மூன்று லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பு. நம் நாட்டில் மட்டும் 2022இல் 38 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எழுதி வைத்திருக்கிறது. நமக்கு அங்கன்வாடி ஏற்கனவே இருக்கிறது. கண்மாய் வேலைக்குப் போகிறபோது பிள்ளையை மர நிழலில் விட்டுப் போகாமல் அங்கே விட்டுப்போனாலே பாதி ஆபத்து குறையும்.

கரையில் இழுத்துப் போட்ட பிறகு நடக்கிற கூத்துதான் எனக்குப் பெரிய பயம். ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார். ஒருவர் தோளில் போட்டு ஓடுவார். குயவர் சக்கரத்தில் வைத்துச் சுற்றினால் தண்ணீர் வெளியே வரும் என்று சொல்கிற பெரியவர் இன்னும் இருக்கிறார். வயிற்றை அமுக்குவதை எல்லோரும் செய்வார்கள். நம்மை மட்டம் தட்டிச் சொல்லவில்லை. 1767இல் ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியவர்களைக் காப்பாற்றவென்றே முதன்முதலாக ஒரு சங்கம் வைத்தபோது, வெள்ளைக்காரர்கள் புகையிலைப் புகையைத் துருத்தி வைத்து மூழ்கியவரின் ஆசனவாய் வழியாக ஊதிக்கொண்டிருந்தார்கள்! அதே சங்கம்தான் வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னதும். முதலாவது மறைந்துபோனது, இரண்டாவது இன்றுவரை நிற்கிறது.

வயிற்றில் இருக்கும் தண்ணீர் ஆளைக் கொல்வதில்லை. நெஞ்சுக்குக் காற்றுப் போகாததுதான் கொல்கிறது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெற்றியில் கை வைத்துத் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஐந்து முறை ஊதுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் கையை வைத்து முப்பது முறை வேகமாக அழுத்தி, இரண்டு முறை ஊதி, மறுபடி முப்பது. 108 வரும்வரை நிறுத்தாதீர்கள். ஊதுவதற்கும் கூச்சம் வரும், அந்நிய ஆம்பிளை வாயாயிற்றே என்று. சேலை அவிழ்த்த மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வந்து எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாலும் விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும். இதையெல்லாம் படித்துப் பழகுவது கடினம், ஒரு நாள் பொம்மை வைத்துச் செய்து பார்த்தால் கை மறக்காது. தீயணைப்புத் துறையினரைக் கூப்பிட்டால் ஊருக்கு வந்து செய்து காட்டுவார்கள். மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை கூப்பிடுங்கள்.

விருதைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டரை செய்தியானது, அதனால் விருது வந்தது. நம் பக்கம் படிக்கட்டில் ஒரு பிள்ளையை முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டவள் அன்றைக்குச் சாயங்காலமே அதை மறந்து அடுப்பு மூட்டப் போய்விடுகிறாள். பிள்ளையின் தாய் இரண்டு தேங்காய் பழம் கொண்டுவந்து கொடுப்பாள், அத்தோடு சரி. மத்திய அரசு கொடுக்கும் ஜீவன் ரக்ஷா பதக் விருது தண்ணீரிலிருந்தும் தீயிலிருந்தும் உயிர் காப்பாற்றிய சாதாரண மக்களுக்கானது. 1961இல் தொடங்கியது. ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் பேர் போய்ச் சேர வேண்டும். மாநில அரசு குடியரசு தினத்தில் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் கொடுக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆட்களை மீட்ட தூத்துக்குடி மாவட்டத்து யாசர் அராபத்துக்கும் திருநெல்வேலி டேனியல் செல்வசிங்குக்கும் 2024இல் அது கிடைத்தது. நம் வட்டாரப் பெண் ஒருத்தி பேரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும் என்பது என் ஆசை. பதக்கத்துக்காக யாரும் தண்ணீரில் கை நீட்டுவதில்லைதான். ஆனால் பேர் எழுதப்பட்டால், சேலை அவிழ்த்ததை நக்கல் செய்கிறவன் வாய் மூடும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லி, நடந்ததை நடந்த வாரத்திலேயே எழுதி, தாசில்தார் வழியாகக் கலெக்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கலெக்டரிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன் என்றேனே. அதையும் உங்கள் வாயாலேயே கேட்டால்தான் நடக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கூட்டம் சேர்ப்பதற்கு உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறீர்கள். இந்த முறை எழுந்து நின்று கேளுங்கள். ஒவ்வொரு ஊரணியிலும் கண்மாய்ப் படித்துறையிலும் ஒரு கம்பம் நட்டு, அதில் நாற்பது அடி நைலான் கயிறும் மூடி அடைத்த இரண்டு கேனும் தொங்க வேண்டும். மண் அள்ளிய பள்ளம் எங்கே, எத்தனை அடி என்று பலகை வைக்க வேண்டும், தோண்டியவர் செலவிலேயே சரித்து மூட வேண்டும். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் நீச்சல் சொல்லித்தர வேண்டும், சொல்லித்தருவது பெண்ணாக இருக்க வேண்டும். இது மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரி